காலியா வந்த பஸ்ஸு

ஷூவை சுவத்துல தட்டாத பொம்மி. பக்கத்து வீட்டு அத்தை எழுந்துக்குவாங்க. கழட்டக் கூடாதுடி, டாக்டர் என்ன சொன்னாரு? தூங்கும்போது போட்டுக்கணும்னு சொன்னாரா இல்லையா? ரெண்டு ஷூவுக்கும் நடுவுல கம்பி இருந்தா இருந்துட்டுப் போவட்டும். இப்படி என் பக்கமா திரும்பிக்க. கதை சொல்றேன். ஆனா நீ "ம்" சொல்லணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். ஏரிக்கு அந்தாண்ட ஒரு ரயில் ஸ்டேஷனாம், இந்தாண்ட ஒரு ரயில் ஸ்டேஷனாம். அந்தாண்ட இருந்தது பேரு நாவல்தாங்கல். இந்தாண்ட இருந்தது பேரு புதுக்கழனி. ரெண்டும் ஒரே தண்ணியில மூஞ்சி பார்த்துக்கும். ஆனா ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது. அங்க ரயிலு "பூம்ம்ம்"ன்னு கத்துனா இங்க கேக்கும். இங்க ரயிலு "பாம்ம்ம்"ன்னு கத்துனா அங்க கேக்கும். கேட்டு என்ன பண்றது? அந்த ரயிலு ஒரு பக்கம் போவும், இந்த ரயிலு இன்னொரு பக்கம் போவும்.

"ரெண்டும் எங்கயும் சேராதா?"

சேரும். தூரமா, டவுனுக்குள்ள போயி ஒரு பெரிய ஸ்டேஷன்ல சேரும். அங்க போயி மாறி திரும்பி வரதுக்குள்ள கொண்டு போன சோறு கெட்டுப் போயிடும். அதனால ஜனங்க என்ன பண்ணாங்க, இந்த ரயில்லேருந்து இறங்கி, ஏரிக்கரை மேலயே நடந்து போயி, அந்த ரயில்ல ஏறுவாங்க. வெயில்ல நடப்பாங்க, சேத்துல நடப்பாங்க, சரக் சரக்குன்னு நடப்பாங்க.

அப்புறம் ஒரு டிராக்டரு வந்துச்சாம். செங்கல் சூளை டிராக்டரு. "டுபுடுபுடுபு"ன்னு வரும். ஜனங்க செங்கல் மேலயே ஏறி உக்காந்துப்பாங்க. இறங்கும்போது பார்த்தா எல்லாருக்கும் பின்பக்கம் செவசெவன்னு இருக்கும்.

"ஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிடும். அப்புறம் சூளையை மூடிட்டாங்க, டிராக்டரும் போயிடுச்சு. அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ வந்துச்சாம். "டர்ர்ர்ர்"ன்னு நிக்கும். நிக்குமே தவிர கிளம்பாது. மடிமேல மடியா உக்காந்திருப்பாங்க, அப்பவும் அவன் தலையை வெளிய நீட்டி, "இன்னும் ஒருத்தரு, இன்னும் ஒருத்தரு"ன்னு கூவிக்கிட்டே இருப்பான். மழை தூறுச்சுன்னா ஆளையே காணோம்.

அப்போ அந்த ஊர்ல ஒரு அம்மா இருந்தா. சின்னப் பொண்ணுதான். வாயே திறக்க மாட்டா. கடையில போயி உப்பு வேணும்னு கேக்கறதுக்குக் கூட ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுக்குவா. அதுக்குள்ள பின்னாடி வந்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிடுவாங்க, இவ கையில காசோட நின்னுக்கிட்டே இருப்பா. அவளுக்கு ஒரு பாப்பா. பொறக்கும்போதே அந்தப் பாப்பாவோட ரெண்டு பாதமும் உள்பக்கமா வளைஞ்சு, ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு இருந்துச்சாம்.

"என்ன மாதிரியா?"

ம், உன்ன மாதிரிதான். அப்போ டாக்டரு சொன்னாரு, "பயப்படாதம்மா, இது சரியாவும். வாரா வாரம் வந்து மாவுக்கட்டு மாத்திக்க. ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா காலைத் திருப்பிடலாம். ஆனா ஒரு வாரமும் விடக் கூடாது. விட்டா கால் பழையபடி வளைஞ்சுக்கும். கட்டு நனையவும் கூடாது."

ஆஸ்பத்திரி எங்க இருந்துச்சு? புதுக்கழனி ரயில் போற பக்கம். அந்தம்மா வீடு எங்க இருந்துச்சு? நாவல்தாங்கல் பக்கம். நடுவுல அவ்வளவு பெரிய ஏரி.

ஒரு வியாழக்கிழமை கட்டு மாத்திட்டுத் திரும்பி வரா, மழை புடிச்சுக்கிச்சு. ஆட்டோக்காரன் வரல. அந்தம்மா பாப்பா காலுக்கு பால் கவர் சுத்தினா, அதுமேல முந்தானையை சுத்தினா, ஏரிக்கரை மேல ஓட்டமும் நடையுமா வந்தா. மழை விடுதா? வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பார்த்தா கட்டு சொதசொதன்னு ஊறி, கரைஞ்சு, ஒழுவுது. அந்த வாரம் திருப்பின கால் அந்த வாரமே வீணாப் போச்சு. அந்தம்மா அழுதா. அழறதையும் சத்தம் இல்லாமத்தான் அழுதா, அவ அப்படித்தான்.

பக்கத்துல பவுனம்மா அக்கான்னு ஒருத்தங்க. ஆஸ்பத்திரி கேன்டீன்ல இட்லி ஊத்துறவங்க. அவங்களுக்கு தொண்டை எப்படின்னா, ஏரிக்கு இந்தாண்டலேருந்து கூப்பிட்டா அந்தாண்ட இருக்குற மாடு திரும்பிப் பார்க்கும். அவங்க வந்து கட்டைப் பார்த்தாங்க, பாப்பாவைப் பார்த்தாங்க. "நீ அழுவாத பொண்ணே. நமக்கு ஒரு பஸ்ஸு வேணும். அவ்வளவுதானே? கேட்டுட்டா போச்சு"ன்னு சொன்னாங்க.

ஊர்ல இருக்குற பொம்பளைங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு பஸ் ஆபீசுக்குப் போனாங்க. மொதல் தடவை போனா, "பெரியவரு சாப்பிடப் போயிருக்காரு"ன்னாங்க. ரெண்டாவது தடவை போனா, "பெரியவரு இப்பத்தான் சாப்பிட்டு வந்தாரு, அப்புறம் வாங்க"ன்னாங்க. மூணாவது தடவை பவுனம்மா அக்கா அடுக்கு டிபன் கேரியரோட போயி வாசல்லயே உக்காந்துட்டாங்க. "நாங்களும் இங்கயே சாப்பிட்டுக்கறோம் சார். பஸ்ஸு வந்ததும் எழுந்துக்கறோம்."

அப்புறம் வந்துச்சு பாரு பஸ்ஸு.

எப்படி வந்துச்சு? கடகடகடகட, தடதடதடதட, கிரீரீரீச். வேற ஊர்ல ஓடி ஓடி களைச்சுப் போன பஸ்ஸு. ஒரு கதவு மூடாது, ஒரு கதவு திறக்காது. நெத்தியில கடற்கரைன்னு எழுதியிருந்துச்சு. "நம்ம ஊர்ல கடல் ஏது?"ன்னு கேட்டதுக்கு, "ஏரி இருக்குதுல்ல, போதும், ஏறுங்க"ன்னுட்டாரு கண்டக்டரு. அவரு பேரு ஏகாம்பரம். டிரைவரு பேரு கோதண்டம். ஏகாம்பரம் பேசிக்கிட்டே இருப்பாரு, கோதண்டம் பேசவே மாட்டாரு. விசில் ஊதுற மூச்சையும் சேர்த்துப் பேசிடுவாருல்ல, அதனால ஏகாம்பரம் விசில் ஊத மாட்டாரு, தகரத்துல தட்டுவாரு. ஒரு தடவை "டொக்"னா நிறுத்து. ரெண்டு தடவை "டொக் டொக்"னா போலாம் ரைட்.

பாப்பாவுக்கு ஜன்னலோரத்துல ஒரு சீட்டு. யாரும் அதுல உக்கார மாட்டாங்க. கட்டு போட்ட கால் ரெண்டும் வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்கும். ஒரு நாள் பாப்பா சும்மா காலை ஆட்டுச்சா, கட்டு போயி தகரத்துல பட்டுச்சு. "டொக்."

"பஸ்ஸு நின்னுடுச்சா?"

கிரீரீரீச்! எல்லாரும் முன்னாடி போயி ஒருத்தரு மேல ஒருத்தரு விழுந்தாங்க. பவுனம்மா அக்காவோட டிபன் கேரியரு டங்கு டங்குன்னு கோதண்டம் காலாண்ட போயி நின்னுச்சு. ஏகாம்பரம், "எவன்யா ஸ்டாப்பிங் குடுத்தது?"ன்னு கத்தினாரு. எல்லாரும் பாப்பாவைப் பார்த்தாங்க. பாப்பா கட்டை விரலை வாயில வச்சுக்கிட்டு ஏகாம்பரத்தையே பார்த்துச்சு. "தாயி, உனக்குக் கோடி புண்ணியம், ஒண்ணு தட்டாத. தட்டுனா ரெண்டா தட்டு"ன்னு அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. அன்னிலேருந்து பாப்பா ரெண்டாத்தான் தட்டும். என்ன பொம்மி, தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்புறம் ஒரு கேட்டு இருந்துச்சு. ரயில்வே கேட்டு. பஸ்ஸு ஏரிக்கரையெல்லாம் தாண்டி வந்து, புதுக்கழனி ஸ்டேஷனுக்குப் போவணும்னா அந்த கேட்டைத் தாண்டணும். தினம் காலையில என்ன ஆவும் தெரியுமா? பஸ்ஸு கேட்டாண்ட வந்து நிக்கும், டிங் டிங் டிங் டிங்குன்னு மணி அடிக்கும், கேட்டு மூடிக்கும். எந்த ரயிலுக்காக மூடும்? இவங்க ஏறிப் போக வேண்டிய ரயிலுக்காகத்தான்! ரயிலைப் புடிக்க வந்த பஸ்ஸு, ரயிலு போவட்டும்னு நிக்கும்.

"சீக்கிரமா கிளம்பி வரலாம்ல?"

எப்படி வரும்? நாவல்தாங்கல்ல அந்த ரயிலு வந்து ஜனங்களை இறக்கி விட்டாத்தானே இந்த பஸ்ஸு கிளம்பும். அந்த ரயிலும் சொன்னாக் கேக்காது, இந்த ரயிலும் சொன்னாக் கேக்காது. நடுவுல மாட்டிக்கிட்டது பஸ்ஸு.

ஆனா கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு நடைபாலம் இருந்துச்சு. படி ஏறி, தண்டவாளத்துக்கு மேலயே நடந்து, அந்தாண்ட இறங்குனா நேரா பிளாட்பாரம். அதனால கேட்டு மூடினதும் மொத்த பஸ்ஸும் இறங்கிடும். தடதடதடதடன்னு பாலம் ஏறும். அந்தம்மா பாப்பாவைத் தூக்கிப்பா, பவுனம்மா அக்கா அவ பையைத் தூக்கிப்பாங்க. எல்லாரும் ரயில் ஏறிடுவாங்க. ரயில் போயிடும். அப்புறம்தான் கேட்டு திறக்கும். பஸ்ஸு மட்டும் காலியா ஆடி ஆடி ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கும். ஏகாம்பரமும் கோதண்டமும் டீ குடிப்பாங்க. யாருக்கும் இதுல ஒரு குறையும் தெரியல. நல்லாத்தானே இருக்குதுன்னு இருந்துட்டாங்க.

அப்போ ஒரு நாள் ஆபீசரு ஒருத்தரு வந்தாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு, கக்கத்துல தோல் பை வச்சுக்கிட்டு. இந்த பஸ்ஸு தேவைதானா, இல்ல வேற ஊருக்கு அனுப்பிடலாமான்னு பார்க்க வந்தாரு. எங்க வந்தாரு? ஸ்டேஷன் வாசலுக்கு. டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு. பஸ்ஸு எங்க முடியுதோ அங்கதானே எல்லாரும் இறங்குவாங்க, எண்ணிக்கலாம்னு நினைச்சாரு.

மொத நாள் பார்த்தாரு. கடகடகடன்னு பஸ்ஸு வந்துச்சு. காலி.

ரெண்டாம் நாள் பார்த்தாரு. காலி.

மூணாம் நாள் பார்த்தாரு. ஒரு ஈ மட்டும் இறங்கிப் போச்சு.

ஆபீசரு எழுந்து வந்தாரு. "என்னய்யா கண்டக்டர், காத்து ஏத்திக்கிட்டு வரியா?"

"ஐயோ சார், நிக்க இடம் இல்லாம வந்தாங்க சார். இதோ பாருங்க, டிக்கெட்டு எவ்வளவு கிழிச்சிருக்கேன்னு."

"டிக்கெட்டு இருக்கு, ஆளு எங்க?"

"கேட்டாண்ட இறங்கிட்டாங்க சார்."

"இறங்குனவங்க எங்க?"

"ரயில்ல போயிட்டாங்க சார்."

"ரயில் எங்க?"

"அதுவும் போயிடுச்சு சார்."

ஆபீசரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாரு. "நாளைக்கும் வருவேன். வண்டியில ஆளு இருந்தா பஸ்ஸு இருக்கும். இல்லன்னா வேற ஊருக்கு அனுப்பிடுவேன்."

அன்னிக்கு சாயங்காலம் பஸ்ஸுல ஒரே சத்தம். ஏகாம்பரம் எல்லார்கிட்டயும் கையை நீட்டி நீட்டிச் சொன்னாரு. "நாளைக்கு ஒரே ஒரு நாளு. கேட்டு மூடுனாலும் யாரும் இறங்காதீங்க. ஸ்டேஷன் வரைக்கும் உக்காந்தே வாங்க. உங்களை அவரு கண்ணால பார்க்கணும்." "அப்போ ரயிலு?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. "ரயில விட்டுருங்க. அடுத்த ரயில்ல போங்க." அடுத்த ரயில் ரொம்ப நேரம் கழிச்சுத்தான். எல்லாருக்கும் வேலைக்கு லேட்டாவும், திட்டு விழும். பவுனம்மா அக்கா சொன்னாங்க, "ஒரு நாளு டாக்டருங்க எல்லாம் பசியோட ஊசி போடட்டும். நான் உக்காரறேன்." எல்லாரும் உக்காரறோம், உக்காரறோம்னாங்க.

அந்தம்மா மட்டும் பேசாம இருந்தா. ஏன்னா அடுத்த நாள் வியாழக்கிழமை.

"கட்டு மாத்துற நாளு!"

ம். லேட்டாப் போனா கட்டு போடற ரூமு மூடிடும். அந்த வாரம் போச்சுன்னா கால் திரும்பிக்கும். பஸ்ஸே போச்சுன்னாலோ, இனிமே எல்லா வாரமும் ஏரிக்கரை, எல்லா வாரமும் மழை. அவ என்ன பண்ணுவா பாவம். யார்கிட்டயும் கேக்கவும் தெரியாது. ராத்திரி பூரா அந்தப் பக்கம் புரண்டா, இந்தப் பக்கம் புரண்டா.

விடிஞ்சுது. பஸ்ஸு வந்துச்சு. எல்லாரும் ஏறுனாங்க. ஏரிக்கரையெல்லாம் தாண்டி கேட்டாண்ட வந்தாங்க. டிங் டிங் டிங் டிங். கேட்டு மூடுச்சு. எல்லாரும் சீட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்போ தூரத்துல ரயிலு "பாம்ம்ம்"ன்னு ஒரு கத்து கத்துச்சு பாரு...

பொம்மி, தினம் ஓடுன காலுக்கு சொன்னாப் புரியுமா? முன்சீட்டுல ஒருத்தரு எழுந்தாரு. அவரு எழுந்ததும் பக்கத்து ஆளு எழுந்தாரு. அப்புறம் தடதடதடதடதட! மொத்த பஸ்ஸும் இறங்கி பாலத்துல ஓடுது. பவுனம்மா அக்காவும் ஓடறாங்க! உக்காரறேன்னு சொன்னவங்களே முந்திக்கிட்டு ஓடறாங்க!

அந்தம்மா எழுந்துக்கல. பாப்பாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டா. ஏகாம்பரம் தலையில கை வச்சுக்கிட்டாரு. "தாயி, எல்லாரும் போயிட்டாங்க. இன்னிக்கு உனக்கு கட்டு நாளாச்சே, நீயாவது போ." அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுனா, மாட்டேன்னு. அப்போ அது வரைக்கும் வாயைத் திறக்காத கோதண்டம் திரும்பிப் பார்த்தாரு. "ஒரு ஆளு இருக்குல்ல. ஒரு ஆளும் ஆளுதான்"னாரு.

பாலத்து மேல ஓடிக்கிட்டு இருந்த பவுனம்மா அக்காவுக்கு கையில என்னமோ குறையுதுன்னு தோணுச்சு. தினம் தூக்குற பை இல்ல! திரும்பிப் பார்த்தாங்க. கீழ பஸ்ஸு காலியா நிக்குது. ஒரு ஜன்னல்ல மட்டும் ஒரு தலை. தலைக்குப் பக்கத்துல ரெண்டு வெள்ளைக் கால்.

"அய்யய்யோ! ஓடியாந்துட்டோம்டா!"ன்னு ஒரு கத்து கத்துனாங்க. பாலத்து நடுவுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சுட்டாங்க. ஒருத்தரும் அந்தாண்ட போவ முடியல.

"அக்கா, ரயிலு வந்துடுச்சுக்கா, வழி விடுக்கா!"

"வரட்டும், போவட்டும். நாளைக்கும் ரயிலு வரும். நாளைக்கு பஸ்ஸு வருமா? அங்க பாரு, கட்டு போட்ட கொழந்தையை வச்சுக்கிட்டு அவ உக்காந்திருக்கா. நமக்கு என்ன கேடு? இறங்குங்க எல்லாரும்!"

எல்லாரும் கீழ பார்த்தாங்க. ஒருத்தரு இறங்குனாரு. அப்புறம் ரெண்டு பேரு. அப்புறம் எல்லாருமே இறங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து பஸ்ஸுல உக்காந்தாங்க. ரயிலு வந்து நின்னுச்சு. தினம் வர ஜனங்க எங்கன்னு பார்த்துச்சு. "பாம்?"னு ஒரு தடவை கேட்டுச்சு. யாரும் வரல. போயிடுச்சு.

கேட்டு கிறீச்சுன்னு மேல போச்சு. ஏகாம்பரம் தட்டறதுக்குக் கையைத் தூக்குறதுக்குள்ள பாப்பா காலை ஆட்டுச்சு.

"டொக் டொக்!"

ஆமா, டொக் டொக். கோதண்டம் பஸ்ஸை எடுத்துட்டாரு. ஸ்டேஷன் வாசல்ல போயி நின்னுச்சு. ஆபீசரு டீ கிளாசோட எழுந்து நின்னாரு. இறங்குறாங்க, இறங்குறாங்க, இறங்கிக்கிட்டே இருக்காங்க. ஆபீசருக்கு சந்தோஷம் வரணும்ல? வரல. கோவம் வந்துச்சு. "மூணு நாளா ஒரு ஆளு இல்ல. இன்னிக்கு மட்டும் எங்கேருந்துய்யா இவ்வளவு பேரு? காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தியா?"ன்னாரு.

ஏகாம்பரத்துக்கே பேச்சு நின்னு போச்சு. பவுனம்மா அக்கா வாயைத் திறந்தாங்க, கோவத்துல அவங்களுக்கும் வார்த்தை வரல. அப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு. க்ஹும். க்ஹும். யாரு?

"அந்த அம்மா!"

ம். ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுக்கிட்டு முன்னாடி வந்தா. பாப்பா கட்டு ஆபீசரு சட்டையில இடிக்குது. "சார், இன்னிக்கு என் பாப்பாவுக்கு கட்டு மாத்துற நாளு. என் ரயிலு போயிடுச்சு. நீங்க பார்க்கணும்னுதான் நான் எழுந்துக்கல. காசு குடுத்தா யாராவது இதை விடுவாங்களா சார்?" ஆபீசரு டீ கிளாசை பெஞ்சுல வச்சாரு. "நீங்க பஸ்ஸு வந்து நிக்கற எடத்துலயே உக்காந்திருக்கீங்க. ஒரு நாள் எங்ககூட ஏறி வாங்க சார். அப்போ தெரியும்." அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டா.

ஆபீசரு பாப்பாவோட காலைப் பார்த்தாரு. "அடுத்த வியாழக்கிழமை வரேன்மா. அது வரைக்கும் பஸ்ஸு ஓடட்டும்"னாரு.

"கட்டு? பாப்பாவுக்கு கட்டு போட்டாங்களா?"

இரு, சொல்றேன். அடுத்த ரயிலைப் புடிச்சு ஓடுனாங்க. போயிப் பார்த்தா ரூமுக் கதவு சாத்தியிருக்கு. கட்டு போடற அண்ணன் கையைக் கழுவிட்டு துண்டுல துடைச்சுக்கிட்டு இருக்காரு. "மணி என்ன ஆச்சு? அடுத்த வாரம் வா"ன்னுட்டாரு. பவுனம்மா அக்கா கதவுக்குள்ள காலை வச்சுக்கிட்டாங்க. "தம்பி, இவ எதுக்கு லேட்டுன்னு கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு"ன்னு எல்லாத்தையும் சொன்னாங்க. அந்த அண்ணன் கேட்டாரு, கேட்டாரு, துண்டை ஆணியில மாட்டுனாரு. "நாளைக்கு எனக்கு கெட்டி சட்னி வேணும்கா"ன்னு சொல்லிட்டு மறுபடியும் மாவு நனைக்க உக்காந்துட்டாரு.

"ஹப்பா."

ஹப்பா. அடுத்த வியாழக்கிழமை ஆபீசரு வந்தாரு. டீக்கடைக்கு இல்ல, நாவல்தாங்கலுக்கு. பஸ்ஸுல ஏறுனாரு. நிக்கத்தான் இடம் கிடைச்சுது. ஒரு கை கம்பியில, ஒரு கை தோல் பையில. ஏரிக்கரையில பஸ்ஸு இந்தப் பக்கம் சாஞ்சா அவரும் சாய்வாரு, அந்தப் பக்கம் சாஞ்சா அவரும் சாய்வாரு. கேட்டாண்ட வந்துச்சு. டிங் டிங் டிங் டிங். "இப்போ என்ன?"ன்னு கேட்டாரு பாரு, கேட்டு முடிக்கல, தடதடதடதட! எல்லாரும் இறங்கறாங்க. இவரை நடுவுல வச்சு தள்ளிக்கிட்டே போறாங்க. "இருங்கய்யா, நான் ஸ்டேஷனுக்குப் போவணும்"ங்கறாரு. "நாங்க மட்டும் எங்க போறோம், நட சார்"ங்கறாங்க பவுனம்மா அக்கா. படி ஏறுனாரு, மூச்சு வாங்குது. பாலத்துல ஓடுனாரு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடுச்சு. பிளாட்பாரத்துல இறங்குனாரு, ரயிலு நிக்குது, பின்னாடி கூட்டம் தள்ளுது. அவ்வளவுதான், ரயிலுக்குள்ள போயிட்டாரு. ரயிலும் கிளம்பிடுச்சு!

மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்தாரு. நிமிர்ந்து பார்த்தாரு. சுத்தி முழுக்க பஸ்ஸுல வந்த மூஞ்சிங்க. எதிர்ல அந்தம்மா. மடியில பாப்பா. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாரு. அங்க கேட்டு திறக்குது, பஸ்ஸு காலியா, ஒத்த ஆளு இல்லாம, ஆடி ஆடிப் போவுது.

"அட... நானும்தான் அதுல வந்தேன்"னாரு. சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சுக்கிட்டே இருந்தவரு டக்குன்னு நிறுத்திட்டாரு. "ஐயோ! ரயிலுக்கு நான் டிக்கெட்டே எடுக்கலையே!"

பவுனம்மா அக்கா சொன்னாங்க, "பயப்படாத சார். நீ காலி வண்டியில வந்த ஆளு. யார் கண்ணுக்கும் தெரிய மாட்ட."

ரயில் பெட்டியே அதிர்ந்து போற மாதிரி சிரிச்சாங்க. அந்தம்மா கூட சத்தமா சிரிச்சா. ஆபீசரு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஓடிப் போயி டிக்கெட்டு எடுத்தாரு.

அப்புறம் பஸ்ஸை யாரும் வேற ஊருக்கு அனுப்பல. நடைபாலத்துக்குக் கீழ ஒரு ஸ்டாப்பு வச்சாங்க. அது வரைக்கும் அங்க ஸ்டாப்பே கிடையாது, சும்மா குதிச்சுக் குதிச்சு இறங்குனாங்க. இப்போ கூரை போட்டு, கொழந்தை வச்சிருக்கவங்க உக்கார ஒரு பெஞ்சு போட்டாங்க. பஸ்ஸு நெத்தியில இருந்த கடற்கரையை அழிச்சுட்டு, நாவல்தாங்கல், புதுக்கழனின்னு புதுசா எழுதுனாங்க. ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்லாத ரெண்டு ஸ்டேஷனும் ஒரே நெத்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

"பாப்பா காலு?"

பாப்பாவுக்கு வாரா வாரம் கட்டு மாத்துனாங்க. ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு இருந்த பாதம் ரெண்டும் மெல்ல மெல்லத் திரும்புச்சு. கட்டெல்லாம் எடுத்தாச்சு. பகல்ல ஒண்ணும் வேணாம், ராத்திரிக்கு மட்டும் கம்பி வச்ச ஷூ. அப்புறம் ஒரு நாளு, ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பும்போது, அந்த ஸ்டாப்புல, அம்மா தூக்க வந்தா. பாப்பா "நானே"ன்னுச்சு. பஸ்ஸு படியில கால் வச்சுது. மொத படி. ஏகாம்பரம் கையை நீட்டுனாரு, பாப்பா புடிச்சுக்கல. ரெண்டாவது படி. பின்னாடி லாரிக்காரன் "பாம் பாம்"ங்கறான், கோதண்டம் அசையல. மூணாவது படி. உள்ள வந்துடுச்சு. எல்லாரும் அந்தக் காலையே பார்க்கறாங்க. நேரா நிக்குது. பாப்பா அதும்பாட்டுக்கு ஜன்னல் சீட்டுக்குப் போயி, ஏறி உக்காந்துக்கிட்டு...

"அம்மா. அந்த ஸ்டாப்பு நம்ம ஸ்டாப்பு."

ம்.

"அந்த அம்மா இப்பவும் கடையில உப்பு கேக்க கனைப்பாளா?"

கனைப்பா. இப்பவும் கனைச்சுக்கிட்டுத்தான் கேப்பா. ஆனா ஒரு தடவைதான். கண்ணை மூடிக்கோ. நாளைக்கு வியாழக்கிழமை, டாக்டர் உன் காலைப் பார்க்கணும்ல? பஸ்ஸுல போவோம். ஷூ கழட்டாமத் தூங்குனேன்னு நீயே டாக்டர்கிட்ட சொல்லு. என்ன... பொம்மி? "ம்" காணோம்?

டொக் டொக்.

ரைட், போலாம். கதை போயி ஸ்டாண்டுல நின்னுடுச்சு, கோதண்டம் விளக்கை அணைச்சுட்டாரு. நீயும் தூங்கு கண்ணு.